வாந்தி வந்தால் முதலில் கீட்டோனைப் பாருங்கள்

இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கு வாந்தி வந்தால், வயிற்றுக்கு ஏதோ சேரவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கீட்டோன் சோதனை செய்யுங்கள். இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்தான் கீட்டோன். இன்னொன்று: சாப்பிடவே முடியவில்லை என்றாலும் நீண்ட நேர இன்சுலினை (சாப்பாட்டோடு சேராமல் நாள் முழுக்க மெதுவாக வேலை செய்வதை) நிறுத்தாதீர்கள். இந்த இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இங்கேயே நிறுத்திவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். கீழே இருப்பதெல்லாம் அவற்றுக்கான காரணமும் செய்முறையும்.

நான் டாக்டர் இல்லை. டைப் 1 நீரிழிவு (உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகும் வகை) உள்ள மகளை வளர்த்த அம்மா. அவளுக்கு நோய் இருப்பது தெரியவந்ததே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, வந்த பிறகுதான். டாக்டர்கள் அதைச் சுருக்கமாக டிகேஏ என்பார்கள். அதற்கப்புறம், புதிதாக இன்சுலின் தொடங்கிய பிள்ளைகளின் பெற்றோர் பலரோடு பேசிவருகிறேன். எல்லோரும் லோ சுகருக்குப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதுதான். ஆனால் டிகேஏ என்றால் என்ன, எப்போது ஓட வேண்டும் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் குறைதான் என்னை எழுத வைக்கிறது.

உடம்புக்குள் நடப்பது

சுகர் ரொம்ப ஏறினால் டிகேஏ வரும் என்று நினைக்கிறோம். உண்மையில் இன்சுலின் போதாமல் போவதால்தான் அது வருகிறது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்ற எல்லாமே எளிதாகப் புரியும். இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருந்தாலும் தசைகளால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பட்டினி கிடப்பது போல உடம்பு கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும். கல்லீரல் அந்தக் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றி ரத்தத்தில் விடும். நோயில்லாதவர்களுக்கும் பட்டினி இருந்தால் கொஞ்சம் கீட்டோன் வரும். அவர்கள் உடம்பில் இருக்கும் இன்சுலின் அதை ஓர் அளவோடு நிறுத்திவிடும். தடுக்க ஆளில்லாதபோது அது ஏறிக்கொண்டே போகும், ரத்தத்தில் அமிலம் சேரும். ரத்தத்தின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள்) சாதாரணமாக 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்க வேண்டும். டிகேஏயில் அது 7.3க்குக் கீழே போகிறது. 7.0க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

கூடவே உடம்பு வறண்டுபோகிறது. ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐ (இங்கே சுகர் எண்கள் எல்லாம் mg/dL அளவில்) தாண்டினால் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் விடத் தொடங்கும். சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து போகும். குடித்துக் குடித்து ஈடுகட்டும் வரை ஆள் நடமாடிக்கொண்டுதான் இருப்பார். வாந்தி தொடங்கி, குடிப்பது நின்ற பிறகு எல்லாம் மணிக்கணக்கில் மோசமாகும்.

1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்கிற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் டைப் 1 வந்த பிள்ளைகள் பெரும்பாலும் இந்தக் கீட்டோனில்தான் இறந்தார்கள். மருந்து கண்டுபிடித்து நூறு வருடம் தாண்டிய பிறகும் ஒரு பிள்ளை இதில் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நோய் இருப்பதே தெரியாதபோது

ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத சோர்வு, எடை குறைவது. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே சுகர் பார்க்க வேண்டும். 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி நனைத்தால், அதை மனக்கவலை என்று எடுத்துக்கொள்வதற்கு முன்னால் சுகர் பாருங்கள். என் மகள் ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தாள். சீருடை இடுப்பில் நிற்கவில்லை. வாந்தி வந்ததும் காட்டிய இடத்தில் வயிற்றுத் தொற்று என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் மூச்சு வாங்குகிறதே என்று அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே முதல் காரியமாக விரலில் குத்திப் பார்த்த நர்ஸ்தான் கண்டுபிடித்தார்.

இப்படி வேறு நோயாகத் தோன்றுவது டிகேஏயின் இயல்பு. வயிற்று வலி குடல்வால் அழற்சி மாதிரி இருக்கும். மூச்சு நிமோனியா, ஆஸ்துமா மாதிரி இருக்கும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், தாகமும் சிறுநீரும் அதிகமாக இருப்பதை நீங்களே எடுத்துச் சொல்லி, "ஒரு தடவை சுகர் பார்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு சொட்டு ரத்தம், சில நொடி. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இத்தாலியின் பார்மா பகுதியில் 1990களில் ஒரு வேலை செய்தார்கள். பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால் நீரிழிவா என்று பாருங்கள் என்று பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் போஸ்டர் ஒட்டினார்கள், மருத்துவர்களுக்குச் சோதனைக் கருவியும் கொடுத்தார்கள். புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட பிள்ளைகளில் டிகேஏ நிலையில் வந்தவர்கள் 78 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைந்தார்கள். அறிகுறிகளைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் தெரியப்படுத்தினால் எவ்வளவு தடுக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் எனக்கு வேண்டாம்.

நோய் தெரிந்தவருக்கு எப்போது சந்தேகப்பட வேண்டும்

வாந்தி, குமட்டல், வயிற்று வலி. காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும் எந்த நாளும். காரணமே இல்லாமல் சுகர் 250க்கு மேலே போய், ஊசி போட்டும் இறங்காமல் நிற்பது. ஊசி தவறிய நாள். இவற்றில் ஒன்று இருந்தாலும் கீட்டோன் பார்க்க வேண்டும்.

மூச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1874இல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்ததால் அந்த மூச்சுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஓடிவந்தவர் போல வேகமாகவும், அதோடு ஆழமாகவும் இருக்கும். ஆள் படுத்தேதான் இருப்பார். அமிலத்தை வெளியேற்ற உடம்பு எடுக்கும் முயற்சி அது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 98, 99 என்று நல்ல எண்ணே காட்டும், அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு ரத்தத்தில். மூச்சில் பழ வாசனையோ நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனையோ வரலாம். ஆனால் அந்த வாசனை எல்லோர் மூக்கிலும் ஏறாது, அதனால் வாசனை இல்லை என்பதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது.

சோதனை செய்வது

ரத்தத்தில் பார்ப்பது சிறந்தது. அதற்கு மீட்டரில் செருகும் தனிக் கீட்டோன் சோதனைப் பட்டை வேண்டும். சுகர் பட்டை கீட்டோனைக் காட்டாது. எல்லா மீட்டரிலும் கீட்டோன் வசதி இருக்காது, வாங்கும்போதே கேளுங்கள். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரும் பொதுவாகச் சுகரை மட்டும்தான் பார்க்கும். கீட்டோன் எண்களை (mmol/L அளவில்) இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்:

0.6க்குக் கீழே: சரி.
0.6 முதல் 1.5 வரை: ஏறத் தொடங்கியிருக்கிறது. கூடுதல் இன்சுலினும் தண்ணீரும் தேவைப்படலாம், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.
1.5 முதல் 3.0 வரை: டிகேஏ நெருங்குகிறது. டாக்டரைக் கூப்பிடுங்கள்.
3.0 அல்லது அதற்கு மேல்: மருத்துவமனை, இப்போதே.

ரத்தப் பட்டை இல்லாவிட்டால் சிறுநீர்ப் பட்டை. இல்லாததற்கு அது எவ்வளவோ மேல், ஆனால் அதன் குறைகள் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீர்ப் பையில் சில மணி நேரமாகச் சேர்ந்திருந்ததைத்தான் அது காட்டுகிறது. தவிர, டிகேஏயில் அதிகமாக இருப்பது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்; ரத்தப் பட்டை பார்ப்பது அதைத்தான். சிறுநீர்ப் பட்டையோ அசிட்டோஅசிட்டேட் என்ற இன்னொரு கீட்டோனைப் பார்க்கிறது. ஆகவே ஆரம்பத்தில் குறைவாகக் காட்டலாம். சிகிச்சையில் ஆள் தேறிவரும்போது ஒன்று மற்றொன்றாக மாறுவதால் ஏறுவது போலவும் காட்டலாம். வைட்டமின் சி மாத்திரை நிறைய எடுத்துக்கொண்டிருந்தால் இருப்பதையும் இல்லை என்று காட்டக்கூடும். டப்பாவில் போட்டிருக்கும் நொடிக்கணக்குப்படி நிறத்தைப் பாருங்கள். டப்பாவைத் திறந்த தேதியை மூடியிலேயே எழுதிவையுங்கள், திறந்தபின் பொதுவாக ஆறு மாதம்தான். நடுத்தர நிறமோ அடர் நிறமோ வந்தால் ரத்தத்தில் 1.5ஐத் தாண்டியதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் இன்சுலின். "சாப்பிடவில்லையே, எதற்கு ஊசி?" என்ற எண்ணம் நிறையப் பேருக்கு வரும். அன்பினால் வரும் எண்ணம்தான், ஆனால் டைப் 1 உள்ளவரை அது டிகேஏயில் கொண்டுபோய்த் தள்ளும். சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டுதான் இருக்கும், காய்ச்சல் இருந்தால் இன்சுலின் தேவை வழக்கத்தைவிடக் கூடும். சாப்பாட்டு இன்சுலினைச் சாப்பாட்டுக்குத் தகுந்தபடி குறைக்கலாம், விடலாம். நீண்ட நேர இன்சுலின் போட்டாக வேண்டும். சுகர் தாழ்வாக இருந்தால் அதை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கீட்டோன் ஏறினால் வேக இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு நாளைக்குப் போடும் மொத்த யூனிட்டில் 10 முதல் 20 சதவீதம் என்ற கணக்கில் டாக்டர்கள் பொதுவாக எழுதிக் கொடுப்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு, ஒரு தாளில் யூனிட் கணக்காக எழுதி வாங்கிவிடுங்கள். நடுராத்திரியில் சதவீதம் போட்டுப் பார்க்கும் நிலையில் யாரும் இருக்க மாட்டோம். எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது, அதன் போட்டோ எங்கள் எல்லோருடைய போனிலும் இருந்தது.

அப்புறம் தண்ணீர். ஒரேயடியாகக் குடித்தால் வாந்தியில் போய்விடும், சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு மடக்கு கொடுங்கள். சுகர் அதிகமாக இருந்தால் சர்க்கரை இல்லாத பானம். சுகர் குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்து கீட்டோன் மட்டும் ஏறியிருந்தால் சர்க்கரை உள்ள பானத்தைக் கொடுத்து, கூடவே இன்சுலினும் போட வேண்டும். இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். இன்சுலின் உள்ளே போனால்தான் கீட்டோன் நிற்கும், அந்த இன்சுலின் சுகரைத் தாழ்த்திவிடாமல் இருக்கத்தான் சர்க்கரை.

சுகரும் கீட்டோனும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் முறைவைத்து எழுந்திருங்கள். ஒவ்வொரு தடவையும் நேரம், சுகர், கீட்டோன், போட்ட யூனிட் நான்கையும் எழுதுங்கள். கீட்டோன் இருக்கும்போது உடற்பயிற்சி கூடாது. சுகரை இறக்கலாமே என்று நடக்கப் போனால் கீட்டோன் இன்னும் ஏறும்.

எப்போது கிளம்ப வேண்டும்

3.0 தொட்டால் கிளம்புங்கள். 1.5க்கு மேலே இருந்து, இரண்டு தடவை கூடுதல் இன்சுலின் போட்டும் இறங்காவிட்டால் கிளம்புங்கள். குடிப்பது எதுவும் வயிற்றில் நிற்காவிட்டால், மூச்சு மாறினால், எழுப்பினால் குழறினால், எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காத்திருக்கும் நேரம் இன்னும் குறைவு, 1.5 தாண்டினாலே போய்விடுங்கள். கீட்டோன் பட்டையே இல்லை, சுகர் அதிகம், வாந்தி நிற்கவில்லை என்றாலும் போக வேண்டியதுதான். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "இவருக்கு டைப் 1 நீரிழிவு, கீட்டோன் இவ்வளவு, டிகேஏயாக இருக்கலாம்." பிறகு எழுதிவைத்த தாளைக் கொடுங்கள். டிரிப்ஸில் உப்புநீர், மணிக்கணக்குப்படி இன்சுலின், பொட்டாசியம் மூன்றும் ஏற்றுவார்கள். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும் என்பதால் ரத்தப் பரிசோதனை அடிக்கடி எடுப்பார்கள், எத்தனை தடவை குத்துகிறார்கள் என்று கோபப்படாதீர்கள். சுகர் 250க்கு அருகில் இறங்கியதும் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டுவார்கள். "சுகர் நோயாளிக்குக் குளுக்கோஸா?" என்று உறவினர்கள் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். சுகர் சீக்கிரம் இறங்கிவிடும், கீட்டோன் மெதுவாகத்தான் போகும். அதுவரை இன்சுலினைத் தொடர அந்தக் குளுக்கோஸ் தேவை. பிள்ளையாக இருந்தால் பக்கத்திலேயே இருங்கள். தலைவலி என்றாலோ, தேறிவந்தவர் மறுபடி மயங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அபூர்வமாக மூளை வீங்கலாம், அதை நிமிடங்களில் கவனிக்க வேண்டும்.

சுகர் அதிகமில்லாமலும் வரும்

டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின், கனாக்லிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். டைப் 2 உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூட அவை நல்ல மருந்துகள். ஆனால் அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு டிகேஏ வந்தால் சுகர் 200க்குக் கீழேயே இருக்கலாம். சுகர் நன்றாக இருக்கிறதே என்று வீட்டிலும் நம்பிவிடுவார்கள், சில சமயம் மருத்துவமனையிலும். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2015இலேயே இதை எச்சரித்தது. சாப்பிட முடியாத அளவு உடம்பு சரியில்லாத நாளிலும் நீண்ட பட்டினியின்போதும் இந்த மாத்திரையை நிறுத்திவைப்பது பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். எர்டுக்லிஃப்ளோசினுக்கு நான்கு நாள். இதைச் சாப்பிடுகிறவருக்கு வாந்தி வந்தால், சுகர் எவ்வளவாக இருந்தாலும், கீட்டோன் பாருங்கள்.

டைப் 2 உள்ள வயதானவர்களுக்கு இன்னொரு அவசர நிலையும் உண்டு. கீட்டோன் அதிகம் இல்லாமல் சுகர் 600க்கும் மேலே ஏறி, பல நாளில் மெல்ல மெல்ல வறட்சியும் மயக்கமும் வரும். அதற்கும் மருத்துவமனைதான்.

வராமல் பார்த்துக்கொள்வது

இன்சுலின் தீரும் முன்னால் அடுத்தது வீட்டில் இருக்க வேண்டும். திறக்காத புட்டி 2 முதல் 8 டிகிரியில், உறைநிலைப் பெட்டியை ஒட்டாமல். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது. திறந்தது பெரும்பாலும் 28 நாள், வெயில் படாத இடத்தில். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். சரியாகப் போட்டும் சுகர் இறங்கவில்லை என்றால் புதுப் புட்டியைத் திறப்பது முதல் வேலை.

பம்ப் (குழாய் வழியாக வேக இன்சுலினைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு உடம்பில் நீண்ட நேர இன்சுலின் இருப்பே கிடையாது. குழாய் மடங்கினாலோ தோலிலிருந்து கழன்றாலோ சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறிவிடும். சுகரை இறக்க பம்ப் வழியாகக் கொடுத்த கூடுதல் இன்சுலினுக்குச் சுகர் அசையவில்லை என்றால் கீட்டோன் பாருங்கள். இருந்தால் அடுத்த அளவை இன்சுலின் பேனாவால் போட்டுவிட்டு, குழாயை மாற்றுங்கள். பேனா எப்போதும் பையில் இருக்கட்டும்.

டைப் 1 உள்ளவரிடம் "இன்சுலினை விட்டுவிடலாம், இதைச் சாப்பிட்டால் போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எவ்வளவு மரியாதைக்குரியவர் சொன்னாலும் சரி. இன்சுலினுக்கு மாற்று கிடையாது.

வளரும் பிள்ளைகள் ஊசியைத் தவிர்ப்பதும் உண்டு. சலிப்பு, நண்பர்கள் முன்னால் கூச்சம், எடை ஏறிவிடுமோ என்ற பயம். திரும்பத் திரும்ப டிகேஏ வந்தால் காரணம் பெரும்பாலும் தவறிய ஊசிகள்தான். திட்டினால் ஊசியோடு சேர்த்து எண்ணையும் மறைப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்தோம்: மகள் எந்த எண்ணைச் சொன்னாலும் முதல் பதில் "சரிம்மா, சொன்னது நல்லது, இப்போ என்ன பண்ணலாம்?" ஏன், எப்படி என்பதெல்லாம் கீட்டோன் இறங்கிய பிறகு. பிள்ளை சாப்பாட்டையும் எடையையும் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் மனநல உதவியையும் சேர்த்துக் கேளுங்கள், அதுவும் சிகிச்சையின் பகுதிதான்.

மகள் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் அறையில் இருக்கும் தோழிக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: இவள் வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ முதலில் விரலில் குத்தி சுகர் பார். தாழ்வாக இருந்து, விழுங்க முடிந்தால் சர்க்கரை கொடு. தாழ்வாக இல்லாவிட்டால் கீட்டோன் பார். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எங்களுக்குப் போன் பண்ணுவது அதற்கப்புறம்.